மரத்தக்காளி: ஊருக்கு ஊர் இரவல் பெயரில் வாழும் பழம்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போய் வந்தவர்கள் இந்தப் பழத்தைப் பார்த்திருப்பீர்கள். கோழிமுட்டை வடிவம். கருஞ்சிவப்பு அல்லது மஞ்சள் நிறம். நீண்ட காம்புகளில் கொத்தாகத் தொங்கும். கேட்டால் “மரத்தக்காளி” என்பார்கள். எங்கள் புதுச்சேரியில் இது கண்ணில் படுவது அபூர்வம். கடற்கரை வெப்பத்தில் செடி வளர்ந்தாலும் ஒழுங்காகக் காய் பிடிக்காது. அதற்கு மலைக்குளிர் வேண்டும்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது கோத்தகிரியில். அவள் வீட்டுக் கொல்லையில் எப்போதும் இரண்டு மூன்று மரங்கள் நிற்கும். “அண்ணா, இது நம்ம ஊர் மரமா, வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? பேரன் கேட்கிறான்” என்று சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் “தக்காளி” என்ற சொல். அந்தச் சொல் நமக்குப் பழையது. நாம் இன்று சாம்பாரில் போடும் தக்காளிதான் புதியது. மணத்தக்காளி போன்ற நம் மண்ணின் சிறு செடிகளுக்கு இருந்த பெயரைப் பின்னால் வந்த அமெரிக்கக் காய்க்குக் கொடுத்து, வேறுபாடு தெரிய “சீமைத்தக்காளி” என்றார்கள். நாளடைவில் சீமை உதிர்ந்து, வந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார். அதற்கும் பிறகு வந்த இன்னொரு அமெரிக்கப் பழத்துக்கு “மரம்” என்ற முன்னொட்டைச் சேர்த்து அதே பெயரை மறுபடி இரவல் கொடுத்தோம்.

இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். தெற்கு பொலிவியா, வடமேற்கு அர்ஜென்டினா பகுதிகளில் காட்டுச் செடியாக இன்றும் உண்டு. ஈக்வடாரிலும் கொலம்பியாவிலும் இது அன்றாடப் பழம். சாறு பிழிந்து குடிக்கிறார்கள். ஈக்வடாரில் மிளகாயோடு அரைத்துச் சாப்பாட்டு மேசையில் தொட்டுக்கொள்ள வைக்கிறார்கள். நம் வீட்டுச் சட்னிதான் அது. 1799இல் ஸ்பானியப் பாதிரியாரும் தாவரவியலாளருமான கவானியேஸ் இதற்குச் “சொலானம் பெட்டேசியம்” என்று பெயர் வைத்தார். பெட்டேசியம் என்றால் பீட்ரூட் போன்றது என்று பொருள். 1845இல் சென்ட்னர் என்ற ஜெர்மானியர் “சைஃபோமாண்ட்ரா” என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1995இல், மறுபடி சொலானத்துக்கே திருப்பிவிட்டார்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, மணத்தக்காளி எல்லாம் இருக்கும் அதே வீட்டுக்குத்தான்.

ஆண்டீஸ் மலையிலிருந்து நம் மலைகளுக்கு ஒரு நீண்ட பாதை உண்டு. உருளைக்கிழங்கு அங்கே பிறந்தது. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனாவை 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் அங்கிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் சிங்கோனாவுக்காகவே 1861இல் நுவரெலியா அருகே ஹக்கல தோட்டம் அமைந்தது. அந்த ஹக்கலவுக்கு 1882இல் மரத்தக்காளி வந்தது. அங்கிருந்து மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் பரவி நுவரெலியாச் சந்தைக்கும் வந்தது. சிங்களத்திலும் அதற்கு “கஸ் தக்காளி”, அதாவது மரத்தக்காளி என்றே பெயர்.

மற்ற ஊர்களையும் பாருங்கள். இந்தோனேசியாவில் இதை “டச்சுக் கத்தரிக்காய்” என்கிறார்கள். நேபாளத்திலும் டார்ஜிலிங்கிலும் மரத்தக்காளி என்ற பொருளிலேயே “ரூக் டமாட்டர்”. பிரெஞ்சில் “தொமாத் ஆர்புஸ்த்”. அதற்கும் அதே பொருள்தான். எங்கும் இன்னொரு காயின் பெயரிலேயே வாழ்ந்த பழம் இது.

இதை மாற்றியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். அந்த நாட்டுக்கு இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆசியாவிலிருந்து போனது. 1920களில் ஆக்லாந்து நாற்றங்கால்காரர் ஒருவர் தென் அமெரிக்க விதையிலிருந்து நல்ல சிவப்பு ரகத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பழங்கள் வரத்து நின்றபோது சாகுபடி பெருகியது. ஆனால் ஏற்றுமதி செய்யப் போனால், “தக்காளிதானே?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் அல்லவா? ஆகவே 1967இல் விவசாயிகள் அமைப்பு ஒன்று “டாமரில்லோ” என்ற பெயரைப் புதிதாகச் செய்து சூட்டியது. காதுக்கு ஸ்பானியச் சொல்லாகக் கேட்கும். ஆண்டீஸ்காரர்களுக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது! சீன நெல்லி என்று வழங்கிய பழத்தைச் சில ஆண்டுகள் முன்பு “கிவி” ஆக்கியவர்களும் இவர்களே. கிவி இன்று நம் ஊர்க் கடைகளில் ஒன்று இத்தனை ரூபாய் என்று விற்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு அதிகம் பிடித்த கதை ரெயூனியோன் தீவினுடையது. 1860, 1861ஆம் ஆண்டுகளின் ஆங்கில–பிரெஞ்சு ஒப்பந்தங்களுக்குப் பிறகு புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1882இல் ஆங்கிலேயர் அதை நிறுத்தினர். போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வராமல் போயிற்று. ஆனால் அடுப்படி மறக்கவில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, உப்பு சேர்த்துச் செய்யும் தொடுகறிக்கு அங்கே “ருகாய்” என்று பெயர். நம் “ஊறுகாய்” என்ற சொல்தான் அப்படித் தேய்ந்தது என்பது மொழி அறிஞர்கள் கருத்து. தீவின் மேட்டு நிலங்களில் விளையும் மரத்தக்காளியைக் கொண்டும் ருகாய் செய்கிறார்கள். ஆண்டீஸ் பழம், பிரெஞ்சுப் பெயர், தமிழ்த் தொடுகறி, மூன்றும் ஒரே கிண்ணத்தில்.

அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் கழித்தவன் நான். எந்தப் படிவத்திலும் கடைசியில் “இதர” என்று ஒரு கலம் இருக்கும். தனித் தலைப்பு இல்லாதது எல்லாம் அதில் போய் விழும். அதில் விழுந்ததைப் பற்றி யாரும் விளக்கம் கேட்பதில்லை, திட்டமும் வருவதில்லை. கொல்லையில் இரண்டு மரமாக நிற்கும் இந்த மரத்தக்காளி போன்றவற்றின் இடம் அந்தக் கலம்தான். நியூசிலாந்துக்காரர்கள் இதை “இதர”விலிருந்து எடுத்துத் தனிக் கலத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

இனி வளர்ப்பு. விதையிலும் வரும், குச்சியிலும் வரும். விதைச் செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து பிறகு கிளைக்கும். குச்சி நட்டது தாழ்வாகப் புதராகப் படரும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். வேர் மேலாகவே ஓடும், கிளை முறிகிற சாதி. ஆகவே காற்று மறைவில், தண்ணீர் தேங்காத இடத்தில் நட வேண்டும். உறைபனி விழுந்தால் கருகிவிடும். அதனால்தான் தங்கை வீட்டில் சமையலறைச் சுவர் ஓரம் நட்டிருக்கிறார்கள்.

சாப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. தோல் கசக்கும். நன்றாகப் பழுத்ததைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் உரிந்து வரும். அல்லது இரண்டாக நறுக்கிச் சர்க்கரை தூவிக் கரண்டியால் சுரண்டித் தின்னலாம். மஞ்சள் சற்று இனிப்பு, சிவப்பு நல்ல புளிப்பு. தங்கை தணலில் சுட்டுத் தோலை எடுத்துவிட்டு, பச்சைமிளகாய், பூண்டு, உப்போடு நசுக்கி நல்லெண்ணெய் விடுவாள். இரண்டு தோசை கூடுதலாக இறங்கும். வெள்ளை வேட்டியில் மட்டும் சாறு பட்டுவிடக் கூடாது, கறை போகாது.

பேரனுக்கு நான் சொல்லச் சொன்னது இதுதான். மாமரமும் பலாமரமும் தாத்தா நட்டால் பேரன் தின்னலாம். மரத்தக்காளி அப்படியில்லை. அதன் ஆயுள் ஏறத்தாழ பத்து வருடம். ஒரு வீட்டில் நாற்பது வருடமாக இந்த மரம் நிற்கிறது என்றால், ஒரே மரம் நிற்கவில்லை. யாரோ மூன்று நான்கு தடவை மறக்காமல் மறுநடவு செய்திருக்கிறார்கள். தங்கையின் மாமியார் செய்தார், பிறகு தங்கை செய்தாள். ஒரே ஒரு தலைமுறை “அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டால் போதும், அந்தக் கொல்லையில் அது முடிந்தது. மலையில் வீடும் கொல்லையும் உள்ள அன்பர்கள், அடுத்த தடவை பழம் தின்னும்போது பத்து விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள்.