உலர்தாவரத் தாளில் அடும்பும் டிக்கோயாவும்

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நினைவுக்கு வருதல் இயல்பு. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே பேணப்பட்டுவரும் உலர்தாவரத் தாள்களை அவ்வரிசையில் வைத்து எண்ணுவார் அரியர். அழுத்தி உலர்த்திய ஒரு செடி. அதனருகே இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு சிறு சீட்டு. ஒரு தாளில் இவ்வளவே உண்டு. எனினும், வாசிக்கத் தெரிந்தார்க்கு அச்சீட்டும் ஓர் ஆவணமேயாம்.

நெய்தற்கொடியாகிய அடும்பை எடுத்துக்கொள்வோம். அதன் பிளவுண்ட இலையை மானின் குளம்புக்கு உவமித்தது குறுந்தொகைப் பாடலொன்று. 1753 இல் லின்னேயசு அதற்கிட்ட இலத்தீன் பெயரோ 'ஆட்டின் அடி' எனப் பொருள்படும். ஒருவரையொருவர் அறியாத இருவர் கண்ட ஒப்புமை இது. மணற்கரையில் வளரும் இக்கொடி ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்திலுள்ள டிக்கோயாவில் வளர்வதன்று. ஆயினும் இரண்டிற்கும் ஒரு தொடர்புண்டு.

இலங்கைச் செடிகளைப் பெருமளவில் திரட்டிய முதல் ஐரோப்பியர் போல் ஹேர்மன் என்னும் ஒல்லாந்தக் கம்பனி மருத்துவராவார். 1672 முதல் 1677 வரை அவர் கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலத்திலேயே பெரிதும் சேகரித்தார். மலைநாடு அன்று கண்டியரசர் ஆட்சியில் இருந்தது. லின்னேயசு 1747 இல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூல் அத்தொகுப்பையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அறிவியலுலகம் இலங்கையை முதலிற் கண்டது கரையோரத்தின் வழியாகவே எனலாம்.

மலைநாட்டுச் செடிகள் தாளேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1849 முதல் 1880 வரை பேராதனையிற் பொறுப்பிலிருந்த துவெயிட்ஸ், இலங்கைத் தாவரங்கள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான 'சி.பி.' என்பதோடு எண்ணிட்டுப் படிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பினார். இங்குதான் ஆய்வாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவ்வெண் ஒரு சேகரிப்பைக் குறிப்பதன்று, ஓர் இனத்தைக் குறிப்பது. வெவ்வேறிடங்களிற் பறித்தவையும் ஒரே எண்ணின்கீழ் அடங்கின. வெளிநாட்டுப் படிகள் பலவற்றில் எண்ணன்றி இடப்பெயர் இல்லை. அதனை அறியப் பேராதனைத் தாளையே நாடவேண்டும். டிக்கோயாக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டதும் அந்நூற்றாண்டிலேயே. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி வீழ்ந்தபின் அந்நிலத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. டிக்கோயா என்று ஒரு சீட்டில் எழுதப்பட்டிருக்குமாயின், இன்று கொழுந்து பறிக்கும் சரிவில் அன்று நின்ற காட்டுக்கு அதுவே சான்றாகலாம்.

துவெயிட்ஸுக்குப் பின்வந்த டிரைமனின் கைந்நூல் 1893 முதல் 1900 வரை வெளிவந்தது. அவர் 1896 இல் மறைந்தமையால் இறுதிப் பகுதிகளை ஹூக்கர் முடித்தார். அது சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தருகின்றது. அத்தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் வடக்கு, கிழக்குக் கரையோரங்களுக்கும் வறண்ட நிலத்திற்கும் உரியவை. மலைக்காட்டுச் செடிகளுக்கு அவை அரிதே. அந்நூல் எழுந்த காலத்தில் மலையிற் பல்லாயிரம் தமிழர் வாழ்ந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை நடந்து, தோட்டங்களை அடைந்தவர்கள் அவர்கள். அடும்பு படர்ந்த மணலைக் கடந்துவந்த அம்மக்கள் புதிய மலைச்செடிகளுக்கு என்ன பெயரிட்டு வழங்கினர் என்பதற்கு அந்நூலில் விடை காண்டல் அரிது.

1980 இல் வெளிவரத் தொடங்கிய திருத்திய கைந்நூல் ஒவ்வொரு மாதிரியையும் மாவட்டம், இடம், சேகரித்தவர் என வகுத்துத் தருகின்றது. நுவரெலியா மாவட்டத்துக்குரிய பதிவுகளைத் தனியே திரட்டித் தோட்டங்களில் வழங்கும் செடிப்பெயர்களோடு ஒப்புநோக்குதற்கு அதுவே வாய்ப்பான தொடக்கம்.