ஆராய்ச்சிக் கட்டுரையும் சான்று காட்டும் மரபும்

பிறர் கருத்தை எடுத்தாளுங்கால் அதனைப் பிறர் கருத்தென்றே கூறுதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் முன்னோர் கூற்றுகளை 'என்ப' என்னும் சொல்லால் பலவிடத்தும் சுட்டுகிறார். எனினும், கூறியவர் யாவர், நூல் யாது என்பன அச்சொல்லால் விளங்குவதில்லை. உரையாசிரியர்களும் பெரும்பாலும் இவ்வாறே சென்றனர். நூல்களை மனப்பாடமாகக் கற்ற காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. அந்நூல்கள் மறைந்தபோதுதான் இடர் புலப்பட்டது.

சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர் இவ்விடரை நேரிற் கண்டார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் பல, நூற்பெயரின்றி 'என்றார் பிறரும்' என்ற அளவில் நின்றன. அவற்றின் இருப்பிடம் அறிய ஐயர் ஏடு ஏடாகத் தேடினார். அத்தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. தேடலால் தமிழுக்கு நன்மை விளைந்தது உண்மையே. ஆயினும், எழுதாது விட்ட ஒரு நூற்பெயர் பின்வருவோர்க்கு எத்துணைச் சுமையாகும் என்பதற்கும் இதுவே சான்று.

இக்காலச் சான்று முறையைத் தமிழாய்வில் வலியுறுத்தியவருள் தனிநாயக அடிகள் குறிப்பிடத்தக்கவர். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கிய அவர், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அங்குப் படிக்கப்பெற்ற கட்டுரைகள் 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. வத்திக்கான் நூலகத்தில் அடிகள் கண்டெடுத்த 1679 ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கீச அகராதியும் 1966-இல் இங்கேயே மறுபதிப்பாயிற்று. கண்டதைச் சொல்வதோடு அமையாது, கண்ட இடத்தையும் பிறர்க்குக் காட்டியதே அவர் நெறி.

கல்லூரி மாணவர்க்கு இந்நெறி ஏன் வேண்டும்? கோலசிலாங்கூர் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மலாயாவில் செம்பனை தொடங்கியது 1911 என்பாரும் 1917 என்பாரும் உளர். ரந்தாவ் பாஞ்சாங்கில் ஹென்றி ஃபொக்கோனியே வித்து நட்டது 1911. தென்னமரம் தோட்டத்தில் வாணிக நோக்குடன் பயிரிட்டது 1917. இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் ஆகியவை அடிக்குறிப்பில் இருப்பின் இம்மயக்கம் ஒரு நொடியில் தீரும். இல்லையேல் பிழை தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

வாய்மொழிச் செய்திக்கும் இதுவே விதி. சொன்னவர், அவர் வயது, தோட்டம், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். தம் முடிபைப் பிறர் கூற்றோடு கலவாது எழுதுதலும் வேண்டும்.

ஜெராம் வட்டாரத்துப் பழைய லயங்களையும் கோயில்களையும் பற்றி எழுதப் புகும் மாணவர் இதனை மறத்தலாகாது. செக்ரோல் புத்தகங்கள் மக்கிப்போகலாம், முதியோர் மறையலாம். அதன்பின் மாணவர் கட்டுரையே சான்றாகும். அது 'என்றார் பிறரும்' என்று மட்டும் சொல்லி நிற்குமாயின், தேடிச் செல்ல ஏடுகூட எஞ்சியிராது.