தமிழ்த் திரையிசையில் சாம்ப்ளர்

சாம்ப்ளர் என்பது பதிவுசெய்த ஒலியைச் சேமித்து, விசைப்பலகையில் வெவ்வேறு சுருதிகளில் இசைக்க உதவும் கருவியாகும். 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1988இல் வெளிவந்த அகாய் எஸ்1000 கருவியின் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே. குறுந்தட்டுத் தரத்தில், ஸ்டீரியோவில் ஏறத்தாழ 12 நொடி ஒலியே அதில் அடங்கும். தவிலின் ஓர் அடிக்கு அது போதும். நாதசுரத்தின் நீண்ட கமகத்துக்குப் போதாது.

சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 1989இல் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். ரோஜா (1992) படத்துக்குப் பின் மின்னணு ஒலிகள் தமிழ்த் திரையிசையில் பரவின.

1998இல் வந்த கிகாசாம்ப்ளர் மென்பொருள், ஒலியை வன்தட்டிலிருந்தே நேரடியாகப் படித்ததால் நினைவகத் தடை நீங்கியது. 2002இல் கான்டாக்ட் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்கள் மென்பொருளுக்கு மாறின. பெரிய வாத்தியக் குழுக்களுக்கான வாய்ப்பு குறைந்தது. எனினும் கமகம் வேண்டுமிடத்தில் கலைஞரின் மூச்சே இன்றும் தேவைப்படுகிறது.