போஞ்சிப் பானையும் அடிமைகளின் இனிப்பும்

நியூ இங்கிலாந்தின் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் சமைப்பதைத் தவிர்த்தனர். சனிக்கிழமையே உலர்ந்த போஞ்சி விதைகளை உப்பிட்ட பன்றி இறைச்சியுடன் மண்பானையிலிட்டு, தணல் ஆறிவரும் அடுப்பினுள் இரவு முழுவதும் வேகவிடுவர். 18ஆம் நூற்றாண்டுப் பொஸ்டனில் அதற்கு இனிப்பூட்டியது, கரிபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பின் பாகு.

பூர்வகுடிகள் அறிந்திருந்த மேப்பிள் பாகு வேறுவகை. அதில் ஒரு லீற்றருக்குச் சுமார் 40 லீற்றர் மரச்சாற்றைக் காய்ச்சவேண்டும். அடிமை உழைப்புச் சீனிக்கு மாற்றாக அம்மரத்தைப் பரிந்துரைத்து 1791இல் மருத்துவர் பெஞ்சமின் ரஷ், தோமஸ் ஜெபர்சனுக்கு எழுதினார். ஜெபர்சனும் அவ்வாண்டே மொன்டிசெலோவில் மேப்பிள் கன்றுகளை நடுவித்தார். அத்தோட்டத்தில் உழைத்தவர்களும் அடிமைகளே! கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின.

கியூபெக்கின் சீனிக் குடில்களில் வசந்தகாலந்தோறும் போஞ்சியின்மேல் மேப்பிள் பாகு இன்றும் ஊற்றப்படுகிறது.