பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்



உடலைப் பற்றிய பாடநூலைத் திறந்தால் பக்கத்துக்கு ஒரு படம் இருக்கும். ஒரு பக்கத்தில் சீரண மண்டலம். அடுத்த பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக இரத்த ஓட்ட மண்டலம். அதற்கடுத்து, வேர்போல் கிளைவிட்ட நரம்பு மண்டலம். நாமும் வகுப்பறையில் கரும்பலகையில் அவற்றைத் தனித்தனியாகத்தான் வரைந்து காட்டுகிறோம். அப்படிக் காட்டினால்தான் கற்பதற்கு எளிது. உடலுக்குள்ளோ இந்த மண்டலங்களுக்கு இடையில் வேலி கிடையாது. உண்ணும் சோற்றில் கடுகளவுக்கும் குறைவான ஒரு பொருள் இல்லாமற் போனால் கால் மரத்துவிடும்; இதயம் தளர்ந்துவிடும். உலகம் இதைக் கண்டறிந்த வரலாற்றில் ஒரு பகுதி நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில்தான் நடந்தது. நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டிமார் உண்ட புழுங்கல் அரிசிக்கும் அதில் இடமுண்டு.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு நோய்க்கு ஆளானார்கள். அதன் பெயர் பெரிபெரி. முதலில் பாதம் மரக்கும். பிறகு கெண்டைக்கால் தசை வலிக்கும். குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. சிலருக்குக் கால்கள் மெலிந்து சூம்பிவிடும். வேறு சிலருக்கு அவை வீங்கும். வீங்கிய இடத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். அவர்களுக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இதயம் நின்று திடீரென இறந்துபோவதும் உண்டு.

காரணம் எவருக்கும் விளங்கவில்லை. ஈர மண்ணிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்று என்றனர் சிலர். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமி என்றனர் வேறு சிலர். கிருமிகளைப் பற்றிய கண்டுபிடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்று மருத்துவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

அப்போது நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர் வில்லியம் லியோனர்டு பிராடன். அவர் நோயாளியின் உடலைப் பார்த்ததோடு நிற்காமல், அவர் யார், என்ன உண்கிறார் என்றும் பார்த்தார். ஒரே மழை, ஒரே மண், ஒரே கொசு. அப்படியிருந்தும் சுரங்கத்துச் சீனர்கள் பெரிபெரியால் மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களிடையே அந்த நோய் மிக அரிது. கம்பத்தில் தம் வயல் நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்த மலாய்க்காரர்களிடமும் அது அரிதே. சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டப்பட்டு மூட்டைகளில் வந்த சயாம் வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. ஆகவே குற்றவாளி வெள்ளை அரிசிதான் என்று பிராடன் முடிவு கட்டினார். தம் ஆராய்ச்சியை 1907-இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்.

புழுங்கல் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்தி, அதன்பின் குத்துவது புழுங்கல். அவிக்காமல் குத்துவது பச்சரிசி. அந்த அவியலின்போது ஒரு நல்ல காரியம் நடக்கிறது. தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்தில் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. பச்சரிசியைத் தீட்டினாலோ தவிட்டோடு சத்தும் போய், வெண்மை மட்டுமே மிஞ்சுகிறது.

பிராடனின் கருத்தை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடத்துக்கு. இரட்டைப்படை எண்காரர்கள் எதிரே அதே போன்ற மற்றொரு கட்டடத்துக்கு. கறி, மீன், காய் எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. அரிசி மட்டும் வேறு. ஒரு பக்கம் சயாம் வெள்ளை அரிசி, மறுபக்கம் வங்காளத்துப் புழுங்கல். 1906-ஆம் ஆண்டு முடிவதற்குள் கணக்குத் தெளிவாயிற்று. இரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். வெள்ளை அரிசி உண்டவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோரைப் பெரிபெரி பிடித்தது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் இரண்டே பேருக்கு நோய் இருந்தது. அவர்களும் அதை வெளியிலிருந்தே கொண்டு வந்தவர்கள். அந்தப் பக்கம் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் விளங்கிச் சொல்லக்கூடிய நிலையில் அவர்களிற் பலர் இல்லை. இன்று எந்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது. மருத்துவர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த நோயாளிகளின் பெயர் நமக்குத் தெரியாது.

அடுத்த சோதனைதான் நம் மாநிலத்தில் நடந்தது. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா கணவாயைக் கடந்தால் வருவது ஜெலுபு. அந்த மாவட்டத்தில் துரியான் தீப்பூஸ் என்ற இடத்தில் காட்டை அழித்துச் சாலை போடுவதற்காக ஜாவாக்காரத் தொழிலாளர்கள் 300 பேர் கொண்டுவரப்பட்டனர். ஊர் தொலைவு, கடை தொலைவு. வழங்கியதைத் தவிர வேறு அரிசி அவர்களுக்குக் கிடைக்காது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டனும் அவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கலுக்கு மாற்றியதும் புதிதாக எவரையும் நோய் பிடிக்கவில்லை. 1909-இல் அவர்கள் தம் முடிவை வெளியிட்டார்கள்.

பிராடனுக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளை அரிசி மூட்டையில் கிடந்து கெட்டு, அதில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்பது பிராடனின் கருத்து. பிரேசரும் ஸ்டான்டனும் அரிசியைத் தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது என்றனர். தவிட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கோழிகளுக்குக் கொடுத்து அதை மெய்ப்பித்தனர். ஒரு பொருள் இருப்பதால் மட்டுமன்றி, இல்லாததாலும் நோய் வரும் என்பது அக்கால மருத்துவர்களுக்கு எளிதில் பிடிபடாத எண்ணம். பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மானும் கெரிட் கிரைன்ஸும் அதற்கு முன்பே கோழிகளை வைத்து இதே பாதையில் நடந்திருந்தார்கள். 1910-இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியைத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று தீர்மானித்தது. 1912-இல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற சொல்லை உண்டாக்கினார். 1926-இல் தவிட்டுச் சத்து தூய படிகமாகப் பிரிக்கப்பட்டது. 1936-இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், நம் சென்னைக்கு வடக்கே நெல்லூரில் பிறந்தவர். அந்தச் சத்துதான் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து.

இனி உடலுக்குள் வருவோம். சோற்றிலுள்ள மாச்சத்து வாயில் உமிழ்நீரோடு சேரும்போதே உடையத் தொடங்குகிறது. சிறுகுடலில் குளுக்கோசு என்ற சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் அதை உடலெங்கும் எடுத்துச் செல்கிறது. நுரையீரல் தந்த பிராணவாயுவைக் கொண்டு உயிரணுக்கள் அந்தச் சர்க்கரையை எரித்துச் சக்தி பெறுகின்றன. அடுப்பில் விறகு இருக்கிறது, காற்றும் இருக்கிறது. தீக்குச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? தயமின் ஏறக்குறைய அந்தத் தீக்குச்சியின் வேலையைச் செய்கிறது. ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் உடல் அதை நெடுநாளுக்குச் சேர்த்து வைப்பதில்லை. சில வாரங்களில் கையிருப்புத் தீர்ந்துவிடும். அப்போது தட்டு நிறையச் சோறு தின்றவனும் பசித்தவனே.

இந்தப் பஞ்சத்தை முதலில் உணர்பவை நரம்பும் இதயமும். நரம்பணுக்கள் பெரும்பாலும் சர்க்கரையையே நம்பி வாழ்பவை. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்புகளே மிக நீளமானவை. ஆகவே மரத்தல் காலில் தொடங்குகிறது. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிப்பது. அதற்கு ஓய்வென்பதே இல்லை. சக்தி குறைந்ததும் அது தளர்கிறது. நீர் கால்களில் தேங்குகிறது. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். அந்தக் குழந்தை அழுதால் குரலே எழும்பாது.

நம் முன்னோர் உயிர்ச்சத்தைக் கண்டறிந்துதான் நெல்லை அவித்தார்கள் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நாம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசி நெடுநாள் கெடாது, சோறு வயிற்றில் தாங்கும். இவையே அவர்கள் கண்ட பயன்கள். பெரிபெரியிலிருந்து தப்பிய அதே தோட்டங்களில் மலேரியாவால் நம்மவர் கூட்டங்கூட்டமாக மாண்டதையும் மறக்கக் கூடாது.

ஜப்பானியர் காலத்தில் அந்தக் காப்பும் போயிற்று. தோட்டங்களில் அரிசியே அரிதாகி, மரவள்ளிக்கிழங்கு சோறாயிற்று. கிழங்கில் மாவு உண்டு, தயமின் மிகக் குறைவு. 1943-இல் முடிந்த சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெறும் வெள்ளைச் சோறு. காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியாவோடு பெரிபெரியும் அங்கே நம்மவரைத் தின்றது.

இப்போது முட்டை, பயறு, கடலை, மீன் என்று பலவும் உண்கிறோம். வெள்ளை அரிசி சமைத்தாலும் பெரும்பாலோருக்கு அச்சமில்லை. அரிசியைப் பலமுறை கழுவி ஊற்றுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைத்தான் கொட்டுகின்றன. வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

ஆனால் ஓரிடத்தில் பெரிபெரி இன்னும் பதுங்கியிருக்கிறது. சம்சுவும் பிற மதுவும் அளவின்றிக் குடிப்பவரின் குடல் தயமினைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அவர் ஒழுங்காக உண்பதும் இல்லை. அவருக்குக் கால் மரக்கும், நடை தள்ளாடும், நினைவும் தடுமாறும். அதை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பவர்களும், செய்வினை என்று மந்திரிப்பவர்களும் நம் லயங்களில் இருந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் குடிப்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் தயமின் ஊசியைத் தாமதமின்றிப் போடுவார்கள்.