சால்கிரா: பெண்ணின் பிறந்தநாளும் அதன் கருப்பொருளும்

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஐம்பது வயதை எட்டும் ஒரு பெண்ணின் பிறந்தநாள் விருந்துக்கு எந்தத் ‘தீம்’ பொருந்தும் என்னும் கேள்வி இன்று நம் பெருநகரங்களில் ஒரு தொழிலையே வாழவைக்கிறது. கறுப்பும் பொன்னும், முகலாய இரவு, பழைய கல்கத்தா, எழுபதுகளின் இந்தித் திரை என்று பட்டியல் நீளும். அழைப்பிதழின் எழுத்து வடிவம் முதல் விருந்தினரின் உடை நிறம் வரை அனைத்தும் அந்தத் தேர்வுக்குக் கட்டுப்படும். ஆய்வுலகம் இதனை ‘நுகர்வுப் பண்பாடு’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம்.

‘தீம்’ என்பதைக் கருப்பொருள் என்று மொழிபெயர்க்கிறோம். நம் பொருளிலக்கணத்தில் கருப்பொருளுக்கு முன்பே முதற்பொருள் வைக்கப்பட்டுள்ளது. நிலமும் பொழுதும் என இரண்டு அதில் அடங்கும். இந்தியப் பெண்ணின் பிறந்தநாள் வரலாற்றில் கருப்பொருளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கிடைக்காமற்போனது பொழுது. விழாக்களை வடிவமைத்த பெண்களை ஆவணங்களில் காண்கிறோம். அவர்கள் எந்த நாளில் பிறந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் காண்பதில்லை.

பிறந்தநாளுக்கு உருதுவில் வழங்கும் சொல் சால்கிரா. ‘சால்’ ஆண்டு, ‘கிரா’ முடிச்சு. இந்தியின் வர்ஷ்காண்ட் என்னும் சொல்லுக்கும் அதே பொருள்தான்: ஆண்டு முடிச்சு. ஆண்டுக்கொரு முடிச்சாகக் கயிற்றில் இட்டு அகவையை எண்ணிய வழக்கத்தை இச்சொற்கள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. கேட்கவேண்டிய கேள்வி, யாருக்காகக் கயிறு எடுக்கப்பட்டது என்பதே.

அக்பர் அவையின் பிறந்தநாள் நடைமுறையை அபுல் ஃபஸல் ஆயினே அக்பரியில் விவரித்துள்ளார். பேரரசர் ஆண்டுக்கு இருமுறை, கதிராண்டுக் கணக்கில் ஒருமுறையும் திங்களாண்டுக் கணக்கில் ஒருமுறையும், தராசில் அமர்ந்து நிறுக்கப்படுவார். கதிராண்டு நிறைக்குப் பன்னிரண்டு பொருள்கள்; பொன், பாதரசம், பட்டு, நறுமணப் பொருள், செம்பு, நெய், இரும்பு, உப்பு முதலியவை அவற்றுள் அடங்கும். பின்னர் அவை தானமாகும். நம் துலாபாரத்தின் அரசவை வடிவம் இது. மகன்களும் பேரன்களும் நிறுக்கப்பட்டதை அபுல் ஃபஸல் குறிப்பிடுகிறார். மகள்களைப் பற்றி அங்கே பேச்சில்லை.

இந்த விழா நடந்த இடம் எது என்பதில்தான் சுவை இருக்கிறது. ஜஹாங்கீரின் தன்வரலாற்றில், தமது நிறைவிழா தம் தாயார் மரியமுஸ் ஸமானியின் இல்லத்தில் நடந்ததாக மீண்டும் மீண்டும் வருகிறது. வீடு அவருடையது, விருந்தோம்பலும் அவருடையது. ஆனால் அந்தத் தாயின் பிறந்தநாளை முகலாய வரலாற்று நூல்கள் தரவில்லை. அவருடைய இயற்பெயரையே அவை தரவில்லை. நமக்குக் கிடைப்பது பட்டப்பெயர் மட்டும். திரைப்படங்கள் அவருக்குச் சூட்டிய பெயரை வரலாறாகக் கொள்ளும் மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

அந்த அரண்மனைப் பெண்களுக்கு அழகியல் தெரியாதா என்றால், இன்றைய விழா வடிவமைப்பாளர்கள் அவர்களிடம் பாடம் கேட்கலாம். ஹுமாயூன் கிழமைக்கு உரிய கோளின் நிறத்தில் உடுத்தியவர்: ஞாயிறுக்கு மஞ்சள், செவ்வாய்க்குச் சிவப்பு. அவருடைய ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஆக்ராவில் நடந்த ‘திலிஸ்ம்’ விருந்தை, அவருடைய தங்கை குல்பதன் பேகம் பல்லாண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதினார். எண்கோண மண்டபம், அதன் நடுவே எண்கோணக் குளம், குளத்தின் நடுவே எண்கோண மேடை, அதன்மேல் பாரசீகக் கம்பளங்கள். மாடியில் மூன்று அறைகள். தௌலத், அதாவது அதிகாரம், என்னும் அறையில் பொன்வேலை செய்த வாளும் குறுவாளும். ஸஆதத், அதாவது நற்பேறு, என்னும் அறையில் தொழுகைக்கான இடம், நூல்கள், பொன் பூசிய எழுதுகோற்பெட்டிகள், ஓவியத் தொகுப்புகள். முராத், அதாவது விருப்பம், என்னும் அறையில் மணிகள் பதித்த கட்டில், அகில், பழங்கள், பானங்கள். ஒரே விருந்தை மூன்று கருத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள்களால் உருவம் கொடுத்திருக்கிறார்கள். இதைக் ‘கருப்பொருள் விருந்து’ என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

குல்பதன் இன்னொன்றும் செய்தார். அங்கே வந்திருந்த பெண்களைப் பெயர் பெயராக எழுதினார். அத்தைமார், சகோதரிகள், மூத்த பேகம்கள் என்று அந்தப் பட்டியல் பக்கக்கணக்கில் நீளுகிறது. அவைக்கள வரலாற்றாசிரியர் எவரும் செய்யாத வேலை அது. அத்தனை பெயரையும் நினைவில் வைத்திருந்த குல்பதன், தம் வயதை மட்டும் எப்படிச் சொல்கிறார்? தந்தை பாபர் இறந்தபோது தமக்கு எட்டு வயது என்கிறார். மகளின் அகவைக்குத் தந்தையின் மரணமே அளவுகோல். அவர் 1523ஆம் ஆண்டளவில் பிறந்திருக்கவேண்டும் என்று நாம் இன்று எழுதுவது அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான்.

இதை வடக்கின் குறை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் அறுபதாம் கல்யாணம் எனப்படும் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் ஆகிய மூன்றிலும் எண்ணப்படுவது கணவரின் வயது. மனைவி மணையில் உடன் அமர்கிறார். அவருக்கு அன்று ஐம்பத்து மூன்றோ ஐம்பத்தைந்தோ, எவரும் கேட்பதில்லை. பூப்பு நீராட்டும் வளைகாப்பும் பெண்ணுக்குரிய விழாக்கள்தாம். ஆயினும் அவை அவள் உடலின் நிகழ்வுகளைக் கொண்டாடின; அவள் பிறந்த நாளை அவை தொடவில்லை.

பெண்ணின் பிறந்தநாள் ஒரு குடும்ப நிகழ்வாக உருக்கொண்டதை ஓரளவு தெளிவான காலத்தோடு காட்டக்கூடிய இடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்கத்தா. அதன் நடுவே நிற்பவர் ஞானதானந்தினி தேவி (1850-1941). ஜெஸ்ஸூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஏழெட்டு வயதில் ஜோராசாங்கோ தாகூர் குடும்பத்தின் இரண்டாம் மருமகளாக வந்தவர், ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியரான சத்யேந்திரநாத்தின் மனைவி. 1864இல் கணவருடன் பம்பாய் செல்லவேண்டி வந்தபோது, வெளியே உடுத்திச் செல்ல அவரிடம் உடையே இல்லை. அந்தப்புரத்தில் உடுத்தும் ஒற்றை மெல்லிய சேலை வெளியுலகுக்கு ஏற்றதன்று. கல்கத்தாவின் பிரெஞ்சுத் தையல் நிறுவனம் ஒன்றிடம் ‘கீழைநாட்டு உடை’ ஒன்று தைக்கச் சொன்னார்கள். அணியவே பெரும்பாடாக இருந்த உடை அது. கீழைநாடு எப்படி இருக்கும் என்று ஒரு பிரெஞ்சுத் தையற்காரர் கற்பனை செய்ததை ஒரு வங்காளப் பெண் உடுத்தவேண்டியிருந்தது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள்.

பம்பாயில் பார்சிப் பெண்களின் சேலைக்கட்டைக் கண்டு, அதைத் தமக்கேற்ப மாற்றி, முந்தானையை இடத்தோளில் இட்டு, ரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்து அவர் வகுத்த முறை ‘பிராமிகா’ சேலை எனப் பெயர்பெற்றது. 1877இல் கணவர் உடன் வராமலே, குழந்தைகளை அழைத்துக்கொண்டு கருவுற்ற நிலையில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். 1880இல் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவற்றுள் ஒன்று பிறந்தநாள் கொண்டாட்டம். அவருடைய நாத்தனார் மகள் சரளாதேவி, ஜீபனேர் ஜராபாதா என்னும் தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்துள்ளார்: மாமி சீமையிலிருந்து திரும்பிய பின்னரே ‘பிறந்தநாள்’ என ஒன்று உண்டென்று அவ்வீட்டுச் சிறார்க்குத் தெரியவந்தது, முதலில் கொண்டாடப்பட்டவை சுரேந்திரநாத், இந்திரா ஆகிய இரு குழந்தைகளின் பிறந்தநாள்கள். மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி. இந்தச் சமன் சாதாரணமானதன்று. ‘மேலைநாட்டுப் போலி’ என்று இதைச் சொல்லிவிடலாம். போலி செய்வதற்கு எதைத் தேர்ந்தார் என்பதில்தான் அவருடைய அறிவு இருக்கிறது.

அடுத்து நடந்ததில் ஒரு முரண் உண்டு. 1887இல், பார்க் தெரு 49ஆம் எண் வீட்டில், பதினான்கு வயதுச் சரளா விடியற்காலையில் தம் மாமா ரவீந்திரநாத்தின் அறைக்குள் சென்று, மகிழம்பூ மாலையும் வேட்டியும் மேலாடையும் வைத்து வணங்கினார். அதுவே கவிஞரின் முதல் பிறந்தநாள் விழா. இன்று வங்காளம் முழுவதும் கொண்டாடும் வைசாக 25 இவ்வாறு ஒரு சிறுமியின் கையால் தொடங்கியது. பூவும் உடையும் நேரமும் அவளே தேர்ந்தவை. சீமை வழக்கத்தை மகிழம்பூவால் வங்காளமாக்கியதும் அவளே. ஆனால் ஊர்விழாவாக வளர்ந்தது மாமாவின் நாள். அதே வீட்டில் பிறந்த நாவலாசிரியை, சரளாவின் தாய் ஸ்வர்ணகுமாரி தேவியின் பிறப்பை 1855 என்றும் 1856 என்றும் நூலுக்கு நூல் வேறுபட எழுதுகிறோம்.

ஜோராசாங்கோவின் வாசலைவிட்டுச் சற்று வெளியே வந்தால், அதே மாகாணத்தில், அதே பத்தாண்டின் இறுதியில், ஒரு சிறுமியின் வயது நீதிமன்றத்தில் விவாதப் பொருளாயிற்று. பூல்மணி தாசி 1890இல், அவளைவிடப் பல ஆண்டுகள் மூத்த கணவனின் உடலுறவால் ஏற்பட்ட காயத்தில் இறந்தாள். அன்றைய சட்டத்தில் இசைவு வயது பத்து. அவள் பத்தைக் கடந்தவள் என்று கொள்ளப்பட்டதால் வன்புணர்வுக் குற்றச்சாட்டுக்கு இடமில்லாமற்போனது. கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே கிடைத்தது. மறு ஆண்டு, 1891இல், அந்த வயதைப் பன்னிரண்டாக உயர்த்திச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பெண் பிறந்த நாள் எது என்பது சில வீடுகளில் கொண்டாட்டத்துக்குரிய செய்தியாகவும், வேறு வீடுகளில் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாகவும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்தின் வரலாற்றை இசைவு வயதின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ராஸசுந்தரி தேவியையும் இங்கே சேர்க்கவேண்டும். பன்னிரண்டு வயதில் மணமாகி, சமையலறையில் ஒளித்துவைத்த ஒற்றை ஏட்டைக் கொண்டு எழுத்துக் கற்றவர். அவருடைய ஆமார் ஜீபன் ஒரு வங்காளப் பெண் எழுதிய முதல் தன்வரலாறு என்று அறியப்பட்டது. அதன் விரிவுபெற்ற பதிப்பு அவருடைய எண்பத்தெட்டாம் வயதில் வந்தது. தம் ஆண்டுகளைத் தாமே எண்ணி, தாமே அச்சேற்றிய பெண். அவருடைய மைல்கல் வயதுக்கு விருந்து நடந்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. முடிச்சை அவரே இட்டுக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு நைனிச் சிறையிலிருந்து 1930 அக்டோபர் 26 அன்று நேரு மகளுக்கு எழுதிய பிறந்தநாள் கடிதம். இந்திராவின் பிறந்தநாள் நவம்பர் 19. விக்ரம் சம்வத் கணக்கில் பதின்மூன்றாம் பிறந்தநாள் அக்டோபரில் விழுந்தது. சிறையிலிருந்து பொருளாகப் பரிசு அனுப்ப முடியாத தந்தை, ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையை மகள் விரும்பிப் படித்ததை நினைவூட்டி, உலக வரலாற்றையே அவளுக்குக் கருப்பொருளாக்கினார். அழகிய கடிதந்தான். ஆனால் அங்கும் கருப்பொருளைத் தேர்ந்தவர் தந்தை என்பதை வாசிப்பில் விட்டுவிடுகிறோம்.

ஆகவே, இன்று ஐம்பதை எட்டும் ஒரு பெண் தம் விருந்துக்கு எது வேண்டும் என்று தாமே தீர்மானிப்பதைச் சிறுமையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. விடுதிகள் விற்கும் ‘முகலாய இரவு’ பற்றி மட்டும் ஒரு முறையீடு உண்டு: மெல்லிய திரைகளும் விளக்குகளும் வருகின்றன, குல்பதனின் விருந்தினர் பட்டியல் வருவதில்லை. ‘பழைய கல்கத்தா’ என்றால் நீண்ட கை ரவிக்கையும் கிராமபோனும் போதுமென்று நினைக்கிறார்கள். அந்த ரவிக்கைக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுத் தையற்காரரின் தோல்வி இருப்பதை எவரும் சொல்வதில்லை. 1975இல் பிறந்தவர்களின் ஐம்பதாம் ஆண்டு விருந்துகளில் ஷோலேயின் குதிரைகளும் துப்பாக்கிகளும் நிறையவே தென்பட்டன. அதே ஆண்டு அனைத்துலக மகளிர் ஆண்டு. முந்தைய டிசம்பரில்தான் பெண்கள் நிலை குறித்த குழு ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையை அரசிடம் அளித்திருந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930ஆகக் குறைந்ததை நாட்டின் முன் வைத்த அறிக்கை. அதை மேசை அலங்காரமாக்கச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறையின் ‘பொழுது’ எது என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

பொழுது பற்றிய சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பெண்கள் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்ததேதி. பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. ஆதார் அட்டையில் வயதை மட்டும் சொல்லிப் பதிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று அச்சாகிவந்தது. அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பும் பிள்ளைகள் அம்மாவிடம் தேதி கேட்டால், புயலடித்த ஆண்டு, ஆடி மாதம், அக்காவுக்கு மணமான பிறகு என்றுதான் விடை வருகிறது.

இந்தப் பொருளில் ஆவணம் திரட்டிவருகிறேன். உங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்த நாளும் நாழிகையும் குறித்த பழைய ஜாதக நோட்டு, குடும்பக் கணக்கேடு, புராண நூலின் முதல் பக்கக் குறிப்பு ஆகியவை இருந்தால் தெரிவியுங்கள். 1980க்கு முன் ஒரு பெண்ணின் ஐம்பதாம் அல்லது அறுபதாம் பிறந்தநாளுக்கு அச்சிட்ட அழைப்பிதழ் எவரிடமேனும் இருந்தால் மிகவும் உதவும். மூலத்தை அனுப்பவேண்டாம்; இரு பக்கமும் தெளிவாகத் தெரியும் புகைப்படம் போதும். பெயர்களை மறைத்தே பயன்படுத்துவேன்.