ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும் - கோழிச் சீக்கின் கதை



சாமளாபுரம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே வாசலில் குஞ்சுகளோடு கிளறிக் கொண்டிருக்கும் நாட்டுக்கோழியையும் பார்க்கலாம். தறி வருமானம் குடும்பச் செலவுக்குப் போய்விடும். கோழி விற்ற காசு மட்டும் வீட்டுப் பெண்களின் முந்தானை முடிச்சில் இருக்கும். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பாட்டிக்கு மருந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் குழம்பு, எல்லாம் அந்த முடிச்சிலிருந்துதான்.

அந்த முடிச்சை ஒரே வாரத்தில் அவிழ்த்துக் கொண்டு போகிற எதிரி ஒன்று உண்டு. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வது அதைத்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் அதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். பேச்சுவாக்கில் சிலர் ராணிப்பேட்டை நோய் என்று சொல்லிவிடுவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஊருக்குமே இந்த நோயோடு சம்பந்தம் இருக்கிறது. ஒரு ஊர் நோய்க்குப் பெயர் கொடுத்தது. இன்னொரு ஊர் மருந்து கொடுக்கிறது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

1926-ஆம் ஆண்டு ஜாவாத் தீவில் கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற துறைமுக நகரத்தின் பக்கத்திலும் அதே மாதிரிச் சாவு. டாயில் என்ற ஆராய்ச்சியாளர் அதைச் சோதித்து, இது முன்பே தெரிந்திருந்த கோழிக் கொள்ளைநோய் அல்ல, வேறொரு வைரஸ் கிருமி என்று 1927-இல் எழுதினார். அதனால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. கீழ்நாடுகளிலிருந்து கப்பலில் போன சரக்கோடு நோயும் போயிருக்கலாம் என்று அந்தக் காலத்தில் கருதினார்கள்.

அந்தச் சமயத்திலேயே நம் நாட்டிலும் நோய் தலைகாட்டியது. இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியில் ராணிக்கெட் என்று ஒரு ராணுவ முகாம் ஊர் இருக்கிறது. அங்கே கோழிகளைக் கொன்ற நோயைப் பற்றி எட்வர்ட்ஸ் என்பவர் 1928-இல் பதிவு செய்தார். அதே மலைப்பகுதியில் முக்தேசுவரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அவர். இந்தியாவில் ராணிக்கெட் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நோய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கோழி தூங்கி வழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். இறக்கை தொங்கும். சிலது கழுத்தைத் திருகிக் கொண்டு சுற்றும். கோடை தொடங்கும்போது அதிகம் வருவதால், 'சூட்டுக் காத்து அடிச்சிருச்சு' என்பார்கள் பெரியவர்கள். சூடு கோழியைச் சோர்வாக்கும், அது உண்மை. ஆனால் கொல்வது கிருமி. அது எச்சத்திலும் எச்சிலிலும் கிடந்து, தண்ணீர்ச் சட்டி வழியாகவும், செருப்பு வழியாகவும், கோழிக் கூடை வழியாகவும் வீட்டுக்கு வீடு போகிறது.

வந்த பிறகு குணப்படுத்த மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வருமுன் காக்கத்தான் முடியும். அதற்கு வழி கோழி முட்டைக்குள்ளேயே கிடைத்தது. கரு வளரும் முட்டையில் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்தால் அதன் வீரியம் குறைகிறது என்று ஐயர், டாப்சன் என்ற இருவர் 1940-இல் காட்டினார்கள். ஹாடோ, இத்னானி ஆகியோர் இந்தியாவில் கிடைத்த கிருமியையே இப்படிப் பழக்கி, 1940-களில் தடுப்பு மருந்தாக்கினார்கள். முக்தேசுவர் ரகம் என்று பெயர் பெற்றது அதுதான்.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-இல் தொடங்கப்பட்டது. நம் மாநிலத்துக் கோழிகளுக்கான ராணிக்கெட் தடுப்பு மருந்து அங்கே தயாராகிறது. ஆக, ராணிக்கெட்டில் பெயர் வாங்கிய நோய்க்கு ராணிப்பேட்டையில் மருந்து!

மருந்து வந்து எண்பது ஆண்டு ஆகியும் நம் வாசல் கோழி ஏன் சாகிறது? பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். ஒரே வயதுக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒரே கொட்டகையில் இருக்கும். ஒரே நாளில் மருந்து கொடுத்துவிடலாம். நம் வீட்டிலோ தாய்க்கோழி ஒன்று, சேவல் ஒன்று, வெவ்வேறு வயதில் குஞ்சுகள். மருந்துப் புட்டியோ நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வருகிற அளவு. அது உயிருள்ள மருந்து. ஐஸில் வைக்காவிட்டால் செத்துவிடும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நாலு கோழிக்காக யார் புட்டியை உடைப்பார்கள்?

இந்தச் சிக்கலை விஞ்ஞானிகளும் யோசித்தார்கள். சூட்டைத் தாங்கும் ஒரு கிருமி ரகம் 1966-இல் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1980-களில் மலேசியாவில் அதைத் தீவனத்தில் பூசிக் கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவில் தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறது.

ஊசி மருந்தாக இருந்தாலும் வழி உண்டு. தெருவாகச் சேர்ந்தால் புட்டி வீணாகாது. பத்து வீட்டுக் கோழியைக் கணக்கெடுத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோடைக்கு முன்பாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. முகாம் நாளில் கோழியைக் காலையில் திறந்து விடாமல் கொடாப்பில் மூடி வையுங்கள். திறந்து விட்ட கோழியைப் பிடிக்க ஊரே ஓட வேண்டும்! 7 நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8 வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. பெரிய கோழிக்கான ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போடக்கூடாது, தாங்காது. சீக்கான கோழிக்கும் போடக்கூடாது.

கடைசியாக ஒன்று. ஒரு கோழி சோர்ந்தவுடன், 'வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்' என்று மற்றதைச் சந்தைக்குக் கூடையில் தூக்குகிறோம். அன்று கப்பல் செய்த வேலையை இன்று அந்தக் கூடை செய்கிறது. விற்றவருக்குப் பாதி விலை, வாங்கியவர் வீட்டில் முழுச் சாவு. அடுத்த சந்தையில் அது நமக்கே திரும்பி வரும். செத்த கோழியைக் குப்பையிலோ குளத்திலோ வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பிறகு கூட்டத்தில் விடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து நம் ஊர் மருந்தகம் வரை மருந்து வந்துவிடுகிறது. அங்கிருந்து நம் வாசல் வரை உள்ள தூரம்தான் பாக்கி. அதை நாம்தான் சேர்ந்து நடக்க வேண்டும்.